கைப்பிடி சொல்லிச்சா, கத்தி சொல்லிச்சா?

எங்கள் பழைய பிரிவு அலுவலகத்தில் இப்போது உதவிப் பொறியாளராக இருக்கிற ஏ.ஈ. அம்மா போன மாதம் என்னைக் கூப்பிட்டு விட்டார். வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வாங்குகிறார்கள், எதை வாங்குவது என்று கேட்டு ஆபீசுக்கே வந்து நிற்கிறார்கள், ஓய்வுபெற்றோர் மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தந்தால் அதையே நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றார். ஜெனரேட்டர் விஷயத்தில் உங்களுக்கு இருக்கிற அனுபவம் வேறு யாருக்கு இருக்கிறது என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம். முப்பத்தாறு வருஷம் மின்வாரியத்தில் இருந்தவனை ஒருவர் சிரிக்காமல் புகழ்ந்தால், பழைய ரெஜிஸ்டர் எதையோ புரட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கம் போதவில்லை.

வாங்குகிறவருக்கு ஜெனரேட்டர் என்றால் ஃபேன், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார். கம்பி வேலை பார்த்தவனுக்கு அது வேறு சாமான். முறைப்படி கரண்ட் போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும். ஜெனரேட்டரைத் தப்பாக மாட்டினால் வீட்டிலிருந்து போஸ்ட்டுக்குப் போகும். அந்த நேரம் போஸ்ட்டில் ஒருத்தர் இருந்தால், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருப்பார். தப்பான ஜெனரேட்டர் வாங்கினால் உங்கள் வீட்டில் மாவு அரையாது, அவ்வளவுதான். தப்பாக மாட்டினால் அவர் வீட்டுக்குப் போகமாட்டார். அப்படி இரண்டு கையாலும் பிடித்திருந்த ஒருத்தரை நான் கீழே நின்று பார்த்தவன். அந்தக் கதையைச் சொல்லாமல் எத்தனை கேவீயே திறனில் வாங்கலாம் என்று எழுதினால், அது கல்யாணத்தில் சாம்பாரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருவதுபோல.

நான் வேலை படித்தது சுருக்கமான விஷயம். முதல் மூன்று வருஷம் ஏணி சுமந்தேன், அடுத்த மூன்று வருஷம் ஏணியில் ஏறினேன், அதற்குப் பிறகு ஏணியைப் பிடிக்க ஆள் இருந்தது. கடைசியில் லைன் இன்ஸ்பெக்டர் என்று ஒரு பெயரும் வந்தது. இதில் நானாகச் சாதித்தது, கீழே விழாமல் இருந்தது ஒன்றுதான். அதற்கும் காரணம் நானில்லை, போர்மேன் ஞானசிகாமணி.

என் வேலைக்காலத்தில் முக்கால்வாசி அவருக்குக் கீழேதான் கழிந்தது. மெலிந்த உடம்பு, கனத்த கண்ணாடி. உலகத்தில் எதையும் நம்பமாட்டார். பஸ்ஸில் பூதப்பாண்டி என்று போர்டு எழுதியிருக்கும், கண்டக்டரிடம் கேட்பார், ஏறி உட்கார்ந்தபிறகு பக்கத்தில் இருக்கிறவரிடமும் கேட்பார். டீக்கடைக்காரர் சீனி போடவில்லை என்று சொன்னால் கிளாஸைத் தூக்கி அடியில் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறவர், ஆனால் இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் அவருக்குப் பிடித்தவர் தோமாதான். "தொட்டுப் பாத்தவரு அவரு ஒருத்தருல்லா" என்பார்.

ஏ.பி. ஸ்விட்ச்சைத் திறக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச் அது. கீழே, கைக்கு எட்டுகிற உயரத்தில், பூட்டுப் போட்ட இரும்புக் கைப்பிடி. மேலே, போஸ்ட்டின் உச்சியில், மூன்று கத்தி. கைப்பிடியை இழுத்தால் மூன்று கத்தியும் வாய் பிளந்து விலக வேண்டும். வேண்டும் என்றுதான் சொல்கிறேன், விலகும் என்று சொல்லவில்லை. துருப்பிடித்து ஒரு கத்தி மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பது உண்டு. அப்போதும் கைப்பிடி மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளைபோலக் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஞானசிகாமணி சார் கைப்பிடியை இழுத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை முனையால் துடைப்பார், முதலில் வலது, பிறகு இடது. மாட்டிக்கொண்டு, அண்ணாந்து, விரலை நீட்டி வாய்விட்டு எண்ணுவார்: "ஒண்ணு. ரெண்டு. மூணு." மழை கொட்டினாலும் இதுதான். பிறகு கூட நிற்கிற ஒவ்வொருவனும் எண்ண வேண்டும். யாராவது அவசரப்பட்டு, ஆஃப் பண்ணியாச்சு சார் என்று சொல்லிவிட்டால் திரும்பிப் பார்த்து ஒன்று கேட்பார்.

"யாருவே சொன்னா? கைப்பிடி சொல்லிச்சா, கத்தி சொல்லிச்சா?"

அதோடு முடியாது. டிரான்ஸ்பார்மர் ஃப்யூஸ்களைப் பிடுங்கிப் பையில் வைக்க வேண்டும். டெஸ்ட் லாம்ப் வைத்துக் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். லாம்ப் எரியவில்லையா, அதையும் நம்பமாட்டார், பல்பு போயிருக்கலாமே. கடைசியாக எர்த் செயின். எல்லாக் கம்பியையும் ஒன்றாகக் கவ்வி, மண்ணில் அடித்த இரும்பு ராடோடு சேர்க்கிற செப்புச் சங்கிலி அது. எந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் திருட்டுத்தனமாக வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போய்விடும். செயின் ஏறாமல் ஆள் ஏறக்கூடாது. இது அவருடைய சட்டம்.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒண்ணு ரெண்டு மூணு'. யாருக்காவது ரிட்டயர்மெண்ட் பார்ட்டி என்றால் அவரைப்போல நடித்துக் காட்டுவது என் வேலை. கண்ணாடி துடைப்பது, அண்ணாந்து எண்ணுவது எல்லாம் தத்ரூபமாகச் செய்வேன். பிரியாணியைவிட அதற்குத்தான் கைதட்டல். அவர் போன பிறகுதான் செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தைரியம் அவ்வளவுதான்.

இனி அந்தப் புயல் வருஷம். பெயர் சொல்ல வேண்டாம், எங்கள் மாவட்டத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். ரப்பர், தென்னை, வாழை எல்லாம் ஒரே வாக்கில் சாய்ந்தன. போஸ்ட்டுகளும் கூடவே படுத்துக்கொண்டன. வாரியத்துக்காரன் வீடு என்று புயல் தனியாக மரியாதை செய்யவில்லை. பூதப்பாண்டிக்கு வெளியே இருக்கிற எங்கள் தெருவில் ஒரு போஸ்ட்டும் நிற்கவில்லை. மரங்கள் விழுந்து, போஸ்ட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு வீட்டு சர்வீஸ் வயரும் அறுந்து கிடந்தது. இரண்டாம் நாளே என் மனைவி பகவதி டாங்கில் தண்ணீர் இல்லை, கிரைண்டர் ஓடவில்லை என்று பட்டியல் போட்டாள். நாகர்கோவிலுக்குப் போனேன் ஜெனரேட்டர் வாங்க.

கடையில் நான் பட்ட சந்தேகங்களை இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. கடைக்காரர் இரண்டரை கேவீயே என்றார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் இரண்டரை, கீழே எறும்பு எழுத்தில், தொடர்ந்து ஓட்டினால் இரண்டு. தொடர்ந்து எவ்வளவு என்பதுதான் அதன் உண்மையான வயசு, மற்றது கல்யாணத்துக்குச் சொல்கிற வயசு. ஒரு பல்பை மாட்டி, பாருங்கள் எப்படி எரிகிறது என்று காட்டினார். ஒரு பல்பு எரிவதைப் பார்க்கவா நாகர்கோவிலுக்கு வந்தேன்? பையிலிருந்து எங்கள் வீட்டு மிக்சியையும் அயர்ன் பாக்ஸையும் எடுத்து ஒரே நேரத்தில் மாட்டச் சொன்னேன். மோட்டார் உள்ள எந்தச் சாமானும் ஓடும்போது இழுப்பதைப்போலச் சில மடங்கு புறப்படும்போது இழுக்கும். முதல் ஜெனரேட்டர் அங்கேயே மூச்சு வாங்கி நின்றது. சத்தமே வராத மாடல் என்று ஒன்றைக் காட்டினார். அதை ஓடவிட்டு, அவரைத் தெருவில் போய் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். அவர் வாய் அசைந்தது, அவ்வளவுதான். உள்ளே முழுக்கச் செம்பு வைண்டிங், அலுமினியக் கம்பியே இல்லை என்றார் இன்னொன்றைக் காட்டி. அதைப் பில்லில் எழுதித் தரச் சொன்னதும் பேனா எழுதவில்லை என்றார். நான் அடுத்ததற்குப் போனேன்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல சாமான், இன்றும் ஓடுகிறது. பில் போடும்போது கடைக்காரர் பாவம், சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் ஒன்று மாட்டிவிடட்டுமா சார் என்று கேட்டார். வீட்டை லைனோடு சேர்க்கும், அல்லது ஜெனரேட்டரோடு சேர்க்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவே முடியாத ஸ்விட்ச் அது. நான் சிரித்தேன். நான் யாரென்று தெரியுமா, லைன் இன்ஸ்பெக்டர் என்றேன். அத்தனை சந்தேகத்தையும் கடையிலேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

வந்து என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு முனையிலும் ஊசி நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு வயர் செய்தேன். ஒரு முனை ஜெனரேட்டருக்கு, மறுமுனை சுவரில் இருக்கிற பிளக்குக்கு. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் இருதலை மணியன், இரண்டு பக்கமும் தலை உண்டு என்று சொல்கிற பாம்பின் பெயர். யார் வீட்டிலாவது கண்டால் பிடுங்கி, அவர்கள் கண்முன்னாலேயே வெட்டிப்போட்டு, நோட்டீஸும் கொடுத்துவிட்டு வருவேன். என் வீட்டில் மட்டும் அது ஏற்பாடு. நாலு நாள் காரியம்தானே. பகவதிக்கு முறையும் சொல்லிக்கொடுத்தேன்: முதலில் மெயின் கைப்பிடியை இறக்கு, அப்புறம் வயரை மாட்டு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணு. அவள் ஒப்பித்துக் காட்டினாள். ஒப்பித்துவிட்டு, "மெயின் கைப்பிடி லொடலொடன்னு ஆடுதே, எட்டு வருசமா சொல்லுகேன்" என்றாள்.

"ஆடட்டு. அதென்ன பல்லா, பிடுங்கதுக்கு?" என்றேன்.

ஞானசிகாமணி சார் காதுக்கும் விஷயம் போயிற்று. அவர் எத்தனை கேவீயே என்று கேட்கவில்லை, என்ன கம்பெனி என்று கேட்கவில்லை. எங்கே கொண்டு மாட்டியிருக்கிறீர் என்று மட்டும் கேட்டார். எல்லாம் முறையாகத்தான் சார் என்றேன். பஸ் போர்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். புயல் வேலை தலைக்குமேல் கிடந்ததால் அதற்குமேல் கேட்க நேரமில்லை.

வெளி மாவட்டங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்களுக்குத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு குழு. அதில் முனுசாமி என்று ஒருவர், நாற்பது வயசிருக்கும். போஸ்ட்டில் ஏறுவதைப் பார்த்தால் தென்னையேறிகளே வெட்கப்படுவார்கள். வந்த முதல் நாள் என்னிடம், "சார், நீங்க பேசறது தமிழா மலையாளமா?" என்றார். நாங்கள் பேசுவதுதான் தமிழ், நீர் பேசுவதற்குத்தான் இன்னும் பெயர் வைக்கவில்லை என்றேன். நாலே நாளில் அவரும் 'கேட்டியளா' என்று இழுக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுக்குப் போன் பண்ணுவார். கடைசி மகளுக்குக் காதுகுத்து. இந்த வேலைக்காக ஏற்கெனவே ஒருமுறை தள்ளிவைத்தாயிற்று. பதினோராம் நாள் சாயங்காலம் அவர்கள் பஸ் திரும்புகிறது, மறுநாள் காலையில் காதுகுத்து. அந்தப் பதினோராம் நாள்தான் எங்கள் தெரு முறை.

இந்த இடத்தை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முந்தின நாளே புதுப் போஸ்ட்டுகள் நட்டு, கம்பியை அவற்றின்மேல் தூக்கிப் போட்டிருந்தோம். இழுத்துக் கட்டுவதுதான் பாக்கி. காலையில் போர்மேன் வருவதற்கு முன்னால், மற்ற எல்லா வேலைக்கும் முன்னால், அறுந்து கிடந்த சர்வீஸ் வயர்களில் ஒன்றை மட்டும் எடுத்துப் புதுக் கம்பியில் சேர்த்துக் கட்டச் சொன்னேன். என் வீட்டு வயரை. லைனில் கரண்ட் வருகிற நொடியில் என் வீட்டு ஃபேன் சுற்ற வேண்டும் என்கிற ஆசை. லைன் இன்ஸ்பெக்டருக்கு இதுகூட இல்லையென்றால் எதற்கு அந்தப் பதவி?

பத்து மணிக்குப் போர்மேன் வந்தார். ஏ.பி. ஸ்விட்ச்சுக்குப் போனார், கண்ணாடி துடைத்தார், எண்ணினார். என் பையைத் திறக்கச் சொல்லி ஃப்யூஸ்களையும் எண்ணினார். டெஸ்ட் லாம்ப் வைத்தார், எரியவில்லை. முனுசாமி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏறலாம் சார் என்றேன்.

"செயின் எங்கவே?"

அது வேறு ஆட்களோடு திட்டுவிளைக்குப் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றேன்.

"வரட்டு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. பதினொரு நாளாகக் கரண்ட் இல்லாத ஜனம். "சார், ரெண்டு பக்கமும் கம்பி அறுந்து கெடக்கு. நேத்து வரை மண்ணுல கெடந்த கம்பி இது. இதுல எங்கேருந்து கரண்ட் வரும்? எங்க தெருவு சார் இது. ஒவ்வொரு வீடும் எனக்குத் தெரியும்" என்றேன்.

"அதான் பயமா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு, விழுந்து கிடந்த தென்னை மரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முனுசாமி, செயின் வருவதற்குள் நான் ஏறிக் கொஞ்சம் வேலையை முடித்துக்கொண்டிருக்கிறேனே சார் என்று கெஞ்சிப் பார்த்தார். போர்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உம்ம மகளுக்கு நாளைக்குக் காது குத்தணுமில்லியா? அப்போ உக்காரும்."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் மட்டும் நின்றேன், கோபத்தைக் காட்ட வேண்டுமே. செயின் வந்தது. ராடை மண்ணில் அடித்து, கம்பிகளைக் கவ்விவிட்டு, போர்மேன் அதையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தபிறகு முனுசாமி ஏறினார். பெல்ட்டைப் போஸ்ட்டில் சுற்றி மாட்டினார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இன்சுலேட்டர் பக்கம் இழுத்தார். மணி பதினொன்று இருக்கும்.

டிக் என்று ஒரு சத்தம். செயின் கவ்வியிருந்த இடத்தில் நீலமாக ஒரு பொறி.

முனுசாமி கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"சார், செயினாண்ட என்னமோ வெட்டுது."

"கையை எடும். எறங்கும்" என்றார் போர்மேன். அவரும் கத்தவில்லை.

பெல்ட்டைக் கழற்றுவதற்குள் மறுபடியும் டிக். அவர் கால் தரையில் பட்டபிறகு மூன்றாவது தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை நிமிஷம் போல. எங்கேயோ ஒரு ஜெனரேட்டர் கம்பிக்குள் கரண்டைத் தள்ளுகிறது. செயின் அதை மண்ணுக்கு இழுத்து நிறுத்துகிறது. யாரோ பொறுமையாக மறுபடியும் போடுகிறார்கள். அந்தச் செயின் இல்லாமல் என் பேச்சைக் கேட்டு ஏறியிருந்தால் அந்த முதல் டிக் முனுசாமியின் இரண்டு கைக்கும் நடுவில் கேட்டிருக்கும்.

எந்தப் பக்கத்துச் சத்தம் என்று காதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கு மாவட்டம் முழுக்க ஜெனரேட்டரும் மரம் அறுக்கிற மெஷினும்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எவன் அவன்? என் ஏரியாவில் இருதலை மணியன் வைத்திருக்கிற கொலைகாரன் எவன்? தெருமுனை பேக்கரிக்காரர்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். ஓடினேன். அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய் சுவரைக் காட்டினார். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச், இரண்டு சின்ன விளக்கோடு, பளபளவென்று. "நீங்கதானே போன வருசம் நோட்டீஸ் தந்து போட வச்சிய" என்றார். அடுத்தது ரிட்டயர்டு வாத்தியார். ஜெனரேட்டர் வாங்கிப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறார் என்று கேள்வி. போர்வையை இழுத்தேன். அட்டைப் பெட்டியே இன்னும் பிரிக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பிரிப்பாராம்.

வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தால் போர்மேனைக் காணோம். அவர் ஒரு வீட்டுக் கதவையும் தட்டவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே தெருவில் நடந்திருக்கிறார். எல்லா வீட்டு சர்வீஸ் வயரும் தரையில் சுருண்டு கிடந்தது. ஒரே ஒரு வயர்தான் போஸ்ட்டிலிருந்து நேராக, புதிதாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போயிற்று. அந்த வீட்டு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே போனோம். பின்பக்கம் பகவதி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜெனரேட்டரோடு மல்லுக்கு நின்றாள். என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள். "நல்ல சாதனம் வாங்கிட்டு வந்திய. இத்தனை நாளு ஒழுங்கா ஓடிச்சு, இன்னைக்கு மூணு தடவை போட்டாச்சு, டப்பு டப்புன்னு கரண்ட் போவுது. மாவு பாதியில கெடக்கு." பின்னால் போர்மேன் நிற்பதைப் பார்த்துவிட்டு, வாங்க சார், காபி போடட்டுமா என்றாள்.

போர்மேன் முதலில் ஜெனரேட்டரை நிறுத்தினார். சுவரிலிருந்து இருதலை மணியனைப் பிடுங்கினார். அப்புறம் ரொம்ப மரியாதையாக, மெயினை ஆஃப் பண்ணினீர்களா அம்மா என்று கேட்டார்.

"மொத வேலையே அதுதான் சார். இவரு சொல்லித்தந்த முறை" என்று காட்டினாள். கைப்பிடி கீழேதான் இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வலது, இடது. என் வீட்டு ஸ்குரூடிரைவரை வாங்கி மெயின் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே கைப்பிடியையும் கத்தியையும் சேர்க்கிற பின் தேய்ந்து ஒடிந்து கிடந்தது. கைப்பிடி மட்டும் இறங்கியிருந்தது. கத்திகள் எட்டு வருஷமாக உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. சர்வீஸ் வயர் அறுந்து கிடந்தவரை கரண்ட் வெளியே போக வழியில்லை, அன்று காலையில் அந்த வழியை நானே கட்டிக்கொடுத்திருந்தேன்.

"ஒண்ணு. ரெண்டு" என்று எண்ணினார்.

எத்தனையோ பார்ட்டியில் நான் நடித்துக் காட்டிய குரல். என் வீட்டுச் சுவர் முன்னால் அதைக் கேட்டபோது கைதட்ட ஆளில்லை.

"ஆடுது ஆடுதுன்னு எட்டு வருசமா சொல்லுகேன் சார். பல்லான்னு கேட்டாரு" என்றாள் பகவதி.

போர்மேன் மெயினிலிருந்து வயரைக் கழற்றிப் போட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். திரும்பினால் வாசல்படியில் முனுசாமி. மெயினைப் பார்த்தார், செத்த பாம்புபோல போர்மேன் கையில் தொங்கிய வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இது உங்க வூடா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் படியிலேயே உட்கார்ந்தார். பகவதி கொடுத்த தண்ணீரைச் செம்போடு குடித்தார். கொஞ்ச நேரம் தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்குக் காதுகுத்து சார்" என்றார்.

அப்போதுதான் பகவதிக்கு விஷயம் புரிந்தது. அவள் சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போர்மேன் நோட்டீஸ் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். ஆபத்தான இணைப்பு கண்டால் லைன் இன்ஸ்பெக்டர் நுகர்வோருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது முறை. எழுதினேன். கொடுத்தவர்: பூதலிங்கம், லைன் இன்ஸ்பெக்டர். பெற்றுக்கொண்டவர்: பூதலிங்கம், நுகர்வோர். இரண்டு கையெழுத்து. அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றுபோல ஒன்று இல்லை. "ரெண்டும் ஒரே ஆளுதானா?" என்றார். அவர் கேலி செய்தாரா, சந்தேகப்பட்டாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் பெல்ட்டை என் பக்கம் தள்ளினார்.

"மிச்ச வேலை கெடக்குல்லா. நீரு ஏறும்."

ஐம்பத்துநாலு வயசில், தெரு முழுக்கப் பார்க்க, ஏறினேன். ஏறுவதற்கு முன் ஏ.பி. ஸ்விட்ச்சுக்கு நானே நடந்து போய் மூன்று கத்தியையும் எண்ணினேன். செயினை இழுத்துப் பார்த்தேன். இருதலை மணியன் துண்டு துண்டாகப் போர்மேன் பையில் இருந்தது. என் வீட்டு மெயின் வயரே கழற்றிக் கிடந்தது. கரண்ட் வர ஒரு வழியும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கம்பியைத் தொடப் போன கை தொடவில்லை. போஸ்ட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுப் பின்பக்கம் தெரியும். மூன்று தடவை நின்றும் சலிக்காமல் போட்டவள் என் மனைவி. முப்பது வருஷமாக நான் மெச்சிய அந்தப் பொறுமையை அன்றைக்குத்தான் சந்தேகத்தோடு பார்த்தேன்.

"ஏட்டி பகவதி, அதைத் தொட்டிராத" என்று மேலிருந்து கத்தினேன்.

"மாவு புளிக்குது. வேலையை முடிச்சிட்டு எறங்குங்க" என்று கீழேயிருந்து பதில் வந்தது. தெருவே சிரித்தது. போர்மேன் சிரிக்கவில்லை, கீழே நின்று செயினைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் இறங்கும்வரை.

முனுசாமி சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போனார். காதுகுத்து நல்லபடியாக நடந்தது, போட்டோ அனுப்பினார். ஞானசிகாமணி சார் இரண்டு வருஷத்தில் ரிட்டயர் ஆனார். பார்ட்டியில் என்னை நடிக்கச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். எழுந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அதற்குமேல் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

ஏ.ஈ. அம்மா கேட்ட அரைப் பக்கத்துக்கு வருகிறேன். ஒரே நேரத்தில் எதெதை ஓட்டுவீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மோட்டார் புறப்படும் இழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, எறும்பு எழுத்தில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். புகை வீட்டுக்குள் வராத இடத்தில், வெளியே வையுங்கள். அதுவும் ஆளைக் கொல்லும். ஜெனரேட்டர் வாங்கக் காசில்லாவிட்டாலும் பரவாயில்லை, சேஞ்ச் ஓவர் இல்லாமல் வாங்காதீர்கள். லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து மாட்டுங்கள். அந்த ஆள் வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர் என்றால் இரண்டு தடவை சந்தேகப்படுங்கள்.

போன வாரம் முனுசாமி போன் பண்ணினார். வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கப் போகிறாராம். நான் உற்சாகமாக, இரண்டு கேவீயே போதும், செம்பு வைண்டிங்கா என்று பாரும் என்று ஆரம்பித்தேன். அவர் நடுவில் நிறுத்தினார்.

"சார், கோச்சிக்காதீங்க. நீங்க சொன்னா அது கைப்பிடி சொன்ன மாதிரி. அக்காகிட்ட போனைக் குடுங்க."

கொடுத்தேன். பகவதி கிரைண்டரை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஜெனரேட்டர் கெடக்கட்டு தம்பி. மொதல்ல போயி உங்க வீட்டு மெயின் கைப்பிடியை எறக்கிட்டு, மூடியைத் தொறந்து உள்ள கத்தியைப் பாருங்க. எண்ணிட்டு வந்து சொல்லுங்க. நான் லைன்லதான் நிக்கேன்."